ஒன்றேமுக்காலுக்கும் இரண்டுக்கும் நடுவே

இடது கை கழன்ற ஓர் இரும்பு நாற்காலி. உட்காரும் இடத்தில் பழைய சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருப்பார்கள். எதிரே ஆள் உயரத்துக்கு அமோனியா கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் அதிர்வில் சுவரில் மாட்டிய கடிகாரம் ஓயாமல் லேசாக ஆடும். தினமும் பகல் ஒன்றேமுக்கால் மணிக்கு நான் அந்த நாற்காலியில் போய் உட்காருவேன். இரண்டு மணிக்கு எழுந்துவிடுவேன். ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படி உட்கார்ந்தேன். அந்தக் கால் மணி நேரமும் பயந்துகொண்டுதான் இருப்பேன். சத்தம் ஒரு பிசிறு மாறினாலும் எழுந்து வாசலைப் பார்ப்பேன். இயந்திரத்துக்கு ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த இருவரில் ஒருவர் அப்போதுதான் போயிருப்பார், இன்னொருவர் இனிமேல்தான் வர வேண்டும். அப்படி ஓர் ஏற்பாட்டுக்குக் காரணமானவன் நான். இதை எழுதுவது அதைச் சொல்வதற்காகத்தான்.

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் வழியில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் குளிர்கிடங்கு. முதலாளி தேனியில் இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே மேனேஜராகச் சேர்ந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். வேதியியலில் பட்டம் வாங்கியவன் என்பதால் முதலாளிக்கு என்மேல் மரியாதை. மொத்தம் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தோம். குலைகளில் அழுகியதையும் உடைந்ததையும் கத்தரித்துப் பெட்டியில் அடுக்கும் பெண்கள் எட்டுப் பேர், ஒரு காவலாளி, இரண்டு ஆபரேட்டர்கள், நான். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை மூத்த ஆபரேட்டர். இரண்டிலிருந்து பத்துவரை இளையவர். பத்து மணிக்கு இயந்திரத்தை நிறுத்திவிடுவோம். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் காலைவரை நிற்கும்.

இருவரும் உறவு. மூத்தவரின் தங்கையைத்தான் இளையவர் கட்டியிருந்தார். ஒருவர் ‘மாப்ளே’ என்பார், மற்றவர் ‘மச்சான்’ என்பார். இரண்டு வீடும் காமயகவுண்டன்பட்டியில் இரண்டு தெரு தள்ளி. இளையவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே மூத்தவர்தான்.

அந்த இயந்திரம் தூத்துக்குடிப் பக்கம் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த ஆலையில் கழித்துப் போட்டது. கையேடு கிடையாது. அதன் பிரஷர் மீட்டர் பத்துக் கூடுதலாகக் காட்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் கிணற்றுத் தண்ணீர் சூடாகும் நாட்களில் இரண்டாவது சிலிண்டர் தட்டும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதே தட்டல் மழை நாளில் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். இவையெல்லாம் அவர்கள் இருவருக்குள்ளேயே இருந்தன. பகல் இரண்டு மணிக்கு மூத்தவர் இளையவரைக் கூட்டிக்கொண்டு இயந்திரத்தை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு குழாயிலும் இருவரும் கை வைப்பார்கள். “இங்கன தொட்டுப் பாருங்க மாப்ளே, சூடு ஏறியிருக்கா” என்பார். அடுத்த குழாய்க்குப் போவதற்குள் தங்கைக்கு இடுப்புவலி எப்படி இருக்கிறது, பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டுவிடுவார். எது இயந்திரப் பேச்சு, எது வீட்டுப் பேச்சு என்று பிரிக்க முடியாது. பிறகு வேப்பமரத்தடியில் டீ. திராட்சை வெட்டும் பெண்களும் அங்கே வந்து நிற்பார்கள். “கேஸ் வந்துச்சுன்னா தண்ணித் தொட்டிக்கு ஓடணும், சேலையை நனைக்கணும், பெறகுதான் மத்ததெல்லாம்” என்று மூத்தவர் அவர்களுக்கு வேடிக்கைபோலச் சொல்வார். “நீங்க முதல்ல எந்தப் பக்கம் ஓடுவீகன்னு காட்டுங்க, நாங்க பின்னாடியே வாரோம்” என்று பெண்களில் மூத்த ஆத்தா ஒருத்தி கேலி செய்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் அறைக்குள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. நான் போகவில்லை. போனால் எனக்குத் தெரியாத விஷயங்களைத்தான் பேசுவார்கள் என்ற கூச்சம் இருந்தது.

இளையவரின் பெண் குழந்தைக்கு ஊர்க் கோயிலில் காது குத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வராமல் குத்தினால் அந்தக் குடும்பம் மாமனை ஒதுக்கிவிட்டது என்று பொருள். மாமன் வராமல் இருந்தால் அவர் அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவிட்டார் என்று பொருள். அன்று காலை மூத்தவர் எட்டு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. மழை வரும்போல இருந்ததால் தோட்டக்காரர்கள் முன்கூட்டியே வெட்டி இரண்டு லாரி திராட்சையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கம்பத்து ஐஸ் ஆலையிலிருந்து அன்றைக்கு மட்டும் வரவேண்டிய மாற்று ஆள் வரும்வரை இருக்கச் சொல்லி நான் அவரைப் பிடித்து வைத்தேன். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “கோயில்ல காத்திருப்பாக சார், தகவல் சொல்லியாச்சா” என்று கேட்டார். கோயிலுக்கு எதிர்க்கடையில் தொலைபேசி இருந்தது. ஒருமுறை சுழற்றிப் பார்த்தேன். லைன் கிடைக்கவில்லை. லாரிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். “சொல்லிட்டேன், காத்திருக்கிறதாச் சொன்னாங்க” என்றேன்.

அவர் சீர்த்தட்டோடு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. நல்ல நேரம் முடிகிறதே என்று ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். “மெஷினுக்குக் குடுக்குற மரியாதை எம்பிள்ளைக்கு இல்லாமப் போச்சு” என்று இளையவர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். மூத்தவர் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். சொல்லி விட்டும் காத்திருக்கவில்லையே என்பது அவருடைய ஆற்றாமை. ஒரு தகவல்கூடச் சொல்லி விடவில்லையே என்பது இளையவருடையது. இரண்டுக்கும் நடுவே இருந்த பொய் எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் மூத்தவர் என்னிடம் வந்தார். “அவரு மொகத்துல முழிக்க எனக்கு ஏலாது சார். நான் கால் மணி முன்னக் கெளம்பிக்கிறேன். நீங்க செத்த நேரம் மெஷின்கிட்ட உக்காந்துக்கங்க. சொல்ல வேண்டியதை உங்ககிட்டச் சொல்லிர்றேன்” என்றார். அன்றே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் இரண்டு பேரும் என்னை என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். சரி என்றேன்.

இப்படித்தான் அந்த நாற்காலி எனக்கு வந்தது. பயந்துகொண்டு உட்கார்ந்தேன் என்று சொன்னேன், அது உண்மை. ஆனால் அதில் ஒரு சுகமும் இருந்ததை மறைக்கக் கூடாது. இதுவரை அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் இப்போது என் வழியாகப் போயிற்று. மீட்டர் பத்துக் கூடுதலாகக் காட்டும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. “அவுகட்டக் கேட்டுச் சொல்லுங்க சார்” என்று இளையவர் வந்து நிற்பார். “அவர்ட்டச் சொல்லிருங்க சார்” என்று மூத்தவர் சொல்லிப் போவார். இரண்டு வீட்டுக் கதையும் எனக்கு வந்தது. பெரிய மனிதன் ஆகிவிட்டதாக நினைத்தேன். வேப்பமரத்தடி டீ நின்றுபோனது. பெண்கள் தனித்தனியாகக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒருமுறை, ஆறேழு மாதம் கழித்து, மூத்தவர் கிளம்பும்போது வாசற்படியில் நின்றார். “அன்னைக்குத் தகவல் சொல்லி விட்டும் ஏன் காத்திருக்கலைன்னு அவர்ட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க சார். அவரு ஏதாச்சும் ஒண்ணு சொன்னாப் போதும், நான் போயிருவேன் அவுக வீட்டுக்கு” என்றார். அந்தக் கேள்வியை நான் கேட்டால், எந்தத் தகவல் என்று இளையவர் திருப்பிக் கேட்பார். மறுநாள் நான் மூத்தவரிடம், “கேட்டேன். அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்” என்றேன். நான் கேட்கவே இல்லை. மூத்தவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அந்த நாள் நல்ல வெயில் காலத்தில் வந்தது. ஒன்றரை மணி இருக்கும். மூத்தவர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக டேங்க் பக்கம் கூட்டிப்போனார். அமோனியா தேங்கும் அந்த டேங்கின் அடியில் இயந்திர எண்ணெய் வந்து சேரும். ஒருநாள் விட்டு ஒருநாள் அதை இறக்க வேண்டும். மேலே ஒரு வால்வு, கீழே ஒரு வால்வு. “இந்த அடி வால்வு தேஞ்சுபோச்சு சார். திறந்தா மூடாது. அதனால மேல் வால்வை மூடி வச்சிருக்கேன். நாளைக்கு மதுரையிலேர்ந்து புதுசு வருது. அதுவரைக்கும் மேல் வால்வைத் தொட வேணாம்னு அவர்ட்டச் சொல்லிருங்க. மறந்துறாதீக” என்றார். நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். ஒரு அட்டையில் எழுதி வால்வில் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம். படித்தவன் நான். அது எனக்குத் தோன்றவில்லை. வாயால் சொல்லும் அந்த வேலையை நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோட்டயத்துப் பழ வியாபாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவரைக் கூட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போனேன். இளையவர் இரண்டு மணிக்கு வந்து காலி நாற்காலியைத்தான் பார்த்திருப்பார். இரண்டரை மணிக்கு அவர் தொட்டியில் முகம் கழுவுவதைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது நினைவுக்கு வந்தது. மறந்தேன் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பொய். நினைவுக்கு வந்தது. எண்ணெய் இறக்குவது நாலு மணிக்குத்தானே, வியாபாரியை அனுப்பிவிட்டுச் சொல்லலாம் என்று விட்டேன்.

அன்று பிரஷர் ஏறியதால் அவர் மூன்று மணிக்கே இறக்கப் போயிருக்கிறார். கீழ் வால்வைத் திறந்தால் எண்ணெய் வரவில்லை. மேல் வால்வு மூடியிருந்தது. மச்சான் மறதியாக மூடிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து அதைத் திறந்திருக்கிறார்.

முதலில் ஒரு சீறல். பிறகு இயந்திர அறையிலிருந்து வெள்ளையாக ஏதோ தரையோடு தவழ்ந்து வந்தது. மூக்கில் ஆணி அடித்ததுபோல் இருந்தது. அமோனியா கண்ணையும் நுரையீரலையும் என்ன செய்யும் என்று நான் பாடமாகப் படித்திருக்கிறேன். எந்தப் பக்கம் ஓட வேண்டும், எதை நனைத்துக் கட்ட வேண்டும், எல்லாம் தெரியும். நான் ஒரு வார்த்தை கத்தவில்லை. வாழைத்தோட்டத்தைப் பார்த்து ஓடினேன். வரப்பில் விழுந்து திரும்பிப் பார்த்தபோது அந்த மூத்த ஆத்தாதான், “தொட்டிக்கு வாங்கடி, சேலையை நனச்சு மூஞ்சியில சுத்துங்கடி” என்று பெண்களை இழுத்துக்கொண்டிருந்தாள். குளிர் அறைக்குள் இருந்த மூன்று பேரையும் அவள்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே எடுத்தாள். மரத்தடியில் கேலி செய்தவள். அவளுக்கு அது நினைவிருந்தது.

இரண்டு மணி டவுன் பஸ் அன்று வராததால் மூத்தவர் இன்னும் சாலை முக்கில் டீக்கடையில் காத்திருந்தார். காற்றிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓடிவந்தவர் யாரையும் எதையும் கேட்கவில்லை. தொட்டியில் ஒரு சாக்கை முக்கித் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். போகும்போது “மாப்ளே, மாப்ளே” என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்கவில்லை. சீறல் நின்றது. வெகுநேரம் கழித்து, எனக்கு அப்படித்தான் இருந்தது, இளையவரைக் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். பெண்கள் குடம் குடமாக இளையவர் கண்ணில் தண்ணீர் ஊற்றினார்கள்.

மூத்தவர் தொட்டியோரம் உட்கார்ந்து இருமினார். அருகே போனேன். நிமிர்ந்து பார்த்தார். “சொன்னீகளா சார்?” என்றார்.

“சொன்னேன்” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். “பெறகு ஏன் திறந்தாரு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு. நடந்தே போய் வியாபாரியின் ஜீப்பில் ஏறினார். ராத்திரியில் மூச்சு முட்ட ஆரம்பித்து, நாலாம் நாள் தேனி ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அதே ஆஸ்பத்திரியில் கண்கள் இரண்டையும் கட்டிப் படுத்திருந்தார் இளையவர். நான் போய் நின்றதும் காலடி ஓசையில் கண்டுகொண்டார். “மச்சான் ஒண்ணும் சொல்லி விடலையா சார்?” என்று கேட்டார். கட்டிலின் அந்தப் பக்கம் அவருடைய மனைவி நின்றிருந்தார். அண்ணனுக்குக் காரியம் முடிந்து வந்திருந்த முகம். போலீஸ், முதலாளி, செத்துப்போனவரின் வீடு, எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றன. “இல்லையே” என்றேன். அந்த அம்மாளின் முகம் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பிறகு விசாரணைக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். கிடங்கு மூடப்பட்டது.

அதன்பின் நான் உத்தமபாளையத்துக்குக் குடிவந்துவிட்டேன். இத்தனை வருடங்களில் யாராவது வாசலில் வந்து அழைத்தால் முதலில் ஜன்னல் ஓரமாக நின்று யாரென்று பார்ப்பேன். கம்பம் பஸ்ஸில் ஏறினால் எல்லா முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். காமயகவுண்டன்பட்டிக்காரர் ஒருவர் எதேச்சையாகச் சொன்னார், அந்தத் தங்கை அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று. மாப்பிள்ளையைப் பலிகொடுக்கப் பார்த்த அண்ணன் என்று தங்கை வீட்டில். சொல்லி விட்டதைக் கேட்காமல் என் புருஷனைக் கொன்றவர் என்று அண்ணன் வீட்டில். மூத்தவர் சாவதற்கு முன் தன் மனைவியிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. இரண்டு தெருதான் இடைவெளி. இரண்டு வீட்டிலும் பாதிப் பாதி இருந்தது. சேர்த்துச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். எனக்கு எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. போன வருடம் இதயத்தில் ஒரு கோளாறு வந்து பிழைத்தேன். சாவதைவிட, சொல்லாமல் செத்தால் அந்தப் பாதிகள் அப்படியே கிடக்குமே என்ற பயம் வந்தது.

தை மாதத்தில் ஒரு காலை போனேன். இளையவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கண் முழுதும் போய்விட்டது. இடது கண்ணில் நிழல் மட்டும் தெரியுமாம். என் குரலைக் கேட்டதும், “மேனேஜர் சாரா, உக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை. காது குத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். லைன் கிடைக்காதது, சொல்லிட்டேன் என்றது, கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்காதது, வால்வு, வியாபாரி, தொட்டியோரம், ஆஸ்பத்திரி. நடுவில் நிறுத்தவில்லை. வால்வைப் பற்றித்தான் கேட்பார், திட்டுவார், எழுந்து அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர், “காத்திருப்போம்னு மச்சான் நெனச்சாகளா சார் அன்னைக்கு?” என்றார்.

“ஆமாம். தகவல் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்.”

“ஒரு வார்த்தை வந்திருந்தா நான் பொழுது சாயிற வரைக்கும் காத்திருப்பேனே” என்றார். நல்ல நேரத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பிறகு உள்பக்கம் திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. அரிசி களைந்த கை ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

“எங்க மதினிகிட்டச் சொல்லிட்டீகளா?” என்றார்.

இல்லை என்றேன். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“அப்ப வாங்க” என்று சொல்லிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை. முதல் தெரு முடிந்து அடுத்த தெரு தொடங்கியபோது நான் நின்றுவிட்டேன். பஸ் நிறுத்தம் இடது பக்கம் தெரிந்தது, ஒரு பஸ்ஸும் நின்றிருந்தது. அந்த அம்மாள் ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் நின்று, உள்ளே யாருமில்லையோ என்பதுபோல் தயங்கி, பிறகு “மதினி” என்று கூப்பிட்டார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.